ஊன்றுகோலும் அளவுகோலும்

முதியோர் பராமரிப்பில் இலத்திரனியற் கருவிகளின் இடம் பற்றிய இரு படைப்புகள்: ஒரு திறனாய்வு

முதுமையும் நோயும் எத்தகையோரையும் பிறர் கையை எதிர்நோக்க வைப்பன. எழுவதற்கும் குளிப்பதற்கும் உண்பதற்கும் உடுப்பதற்கும் மற்றொருவர் துணை வேண்டிய நிலை செல்வருக்கும் வரும்; அறிஞருக்கும் வரும். முன்னாளில் இத்துணை பெரும்பாலும் குடும்பத்தின் கடமையாக இருந்தது. குடும்பத்துள்ளும் பெண்களின் கடமையாக இருந்தது. கூட்டுக் குடும்பம் சுருங்கிப் பெண்களும் வெளியே தொழில் புரியச் சென்று ஆயுட்காலமும் நீண்டபோது, கைத்தொழில் வளர்ச்சி பெற்ற நாடுகளில் அக்கடமையின் பெரும் பகுதி அரசினதும் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஊழியரதும் பொறுப்பாயிற்று. இன்று அப்பொறுப்பிற் கணிசமான ஒரு கூற்றைக் கணினியும் கைத்தொலைபேசியும் உணர்கருவியும் றோபோவும் தாங்கும் என்னும் நம்பிக்கை அந்நாடுகளில் ஓங்கி ஒலிக்கின்றது. அந்நம்பிக்கை எவ்வளவு மெய்யானது, எவ்விடத்தில் அது பிழைபடுகின்றது என்பவற்றை அண்மைக் காலத்து இரு படைப்புகளை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒன்று திரைப்படம், மற்றது ஆய்வு நூல். ஒன்று இங்கிலாந்தைப் பற்றியது; மற்றது யப்பானைப் பற்றியது.

புறநானூற்றுப் புலவருள் ஒருவர் தொடித்தலை விழுத்தண்டினார் என வழங்கப்படுகிறார். அவர்தம் இயற்பெயர் மறைந்துபோயிற்று. பூண் செறிந்த தலையையுடைய ஊன்றுகோலே அவருக்குப் பெயராய் நிலைத்தது. இழந்த இளமையை எண்ணி இரங்கும் ஒரு முதியவரின் கூற்றாக அமைந்தது அவர் பாடல். அம்முதியவர் கையிலுள்ள கோல், பராமரிப்புக் கருவிகளுள் மிகப் பழையது எனலாம். அது அவர் செல்லுமிடத்துக்குச் செல்கின்றது. அவர் நிற்குமிடத்தில் நிற்கின்றது. வேண்டாதபோது சுவரிற் சாத்தி வைக்கப்படுகின்றது. தமிழிற் கோல் என்னும் சொல் ஊன்றுதற்கு உரியதை மட்டும் குறிப்பதன்று. அளப்பது அளவுகோல், ஆள்வது செங்கோல். தாங்குதல், அளத்தல், ஆளுதல் ஆகிய மூன்று தொழில்களுக்கும் ஒரே சொல் வழங்குவது ஈண்டு நோக்கற்பாலது. பராமரிப்பிற் புகும் எந்தக் கருவியைக் குறித்தும் முதலிற் கேட்கவேண்டிய வினா, அது இம்மூன்றுள் எத்தொழிலைச் செய்கின்றது என்பதேயாகும். தாங்குவதற்கெனக் கொணரப்பட்ட கோல் அளக்கத் தொடங்குவதும், அளக்கும் கோல் ஆளத் தொடங்குவதும் எளிதில் நிகழக்கூடியன.

முதலில் இங்கிலாந்தின் நிலையைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். அங்கு வைத்தியசேவை அரசினால் இலவசமாக வழங்கப்படுகின்றது. முதியோருக்கும் உடல் வலுக் குறைந்தோருக்கும் அன்றாட வாழ்விற் கைகொடுக்கும் சமூகப் பராமரிப்போ வேறானது. 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின்படி ஒருவருடைய தேவையை மதிப்பிட்டு, தகுதியுடையோருக்கு உதவி கிடைக்கச் செய்வது உள்ளூராட்சி மன்றத்தின் கடமையாகும். ஆயின், மன்றங்கள் அவ்வேலையைப் பெரும்பாலும் தனியார் நிறுவனங்களிடமிருந்தே விலைக்கு வாங்குகின்றன. 2021 டிசெம்பரில் வெளியான அரசின் வெள்ளை அறிக்கை, இத்துறையில் இலத்திரனியற் கருவிகளைப் பரப்புவதற்குக் குறைந்தது 15 கோடிப் பவுண் ஒதுக்கப்படும் எனக் கூறியது. 2024 மார்ச்சுக்குள் பராமரிப்பு நிறுவனங்களுள் 80 வீதமானவை கடதாசிப் பதிவேட்டைக் கைவிட்டு இலத்திரனியற் பதிவேட்டுக்கு மாறவேண்டும் எனவும் இலக்கு வகுத்தது. பதிவேடு எழுதுவதிற் செலவாகும் நேரம் மிச்சமாகும், மிச்சமான நேரம் பராமரிக்கப்படுவோருக்குக் கிடைக்கும் என்பதே இத்தகைய திட்டங்களுக்கெல்லாம் அடிப்படையான வாக்குறுதி. வாக்குறுதி நல்லதே. அதன் முதற் பாதி கருவியினால் நிறைவேறுவது. இரண்டாம் பாதியோ கருவியின் கையில் இல்லை. இவ்வுண்மையை அரசறிக்கை எதனினும் தெளிவாகக் காட்டுவது ஒரு திரைப்படம் என்பது வியப்புக்குரியது.

கென் லோச் நெறியாள்கையில், போல் லவெர்ட்டியின் எழுத்தில், 2019இல் வெளிவந்தது ‘சொரி வீ மிஸ்ட் யூ’ என்னும் அப்படம். பொதி கொணர்வோர், வீட்டில் ஆளில்லாதபோது வாயிலில் விட்டுச் செல்லும் அட்டையின் வாசகம் அது; ‘உங்களைக் காணத் தவறினோம், வருந்துகிறோம்’ என்பது பொருள். இவ்விருவரும் 2016இல் அளித்த ‘ஐ, டானியல் பிளேக்’ என்ற படம் கான் திரைப்பட விழாவில் உயர்ந்த பரிசினைப் பெற்றது. மாரடைப்புற்ற தச்சுத் தொழிலாளி ஒருவன், உதவிப்பணம் கோரும் படிவத்தைக் கணினியில் நிரப்பத் தெரியாது அல்லலுறுவதை அது காட்டிற்று. அங்குக் கருவி ஒரு மூடிய கதவு. பின்வந்த படத்திலோ கருவி கதவன்று. கையிற் பிணைத்த கயிறு.

கதை நியூகாசில் நகரில் நிகழ்வது. றிக்கி என்பவன் பொதி விநியோகிக்கும் வேலையை ஏற்கிறான். அவன் ஊழியன் அல்லன், சொந்தத் தொழில் நடத்துவோன் என நிறுவனம் கூறுகின்றது. வண்டிக்கு முற்பணம் கட்டுவதற்காக அவன் மனைவி ஏபியின் மோட்டார் வண்டி விற்கப்படுகின்றது. ஏபி, முதியோரினதும் வலுவிழந்தோரினதும் வீடுகளுக்குச் சென்று பராமரிப்பவள். இனி அவள் வீட்டுக்கு வீடு பேருந்திற் செல்லவேண்டும். அவளுக்குக் கூலி செல்லும் வருகைக்கேயன்றிச் செலவிடும் நாளுக்கன்று. உறுதியான வேலை நேரம் எதுவும் ஒப்பந்தத்தில் இல்லை. றிக்கியின் கையிலுள்ள மின்வருடி அவன் இரண்டு நிமிடத்துக்கு மேல் வண்டியை விட்டகன்றால் ஒலியெழுப்புகின்றது. ஏபியின் கையிலுள்ள தொலைபேசி அடுத்த வீட்டை, அடுத்த நேரத்தை, மாற்றப்பட்ட அட்டவணையை ஓயாது அறிவிக்கின்றது. கணவனின் கருவி பொதியைத் தொடர்கின்றது. மனைவியின் கருவி மனிதரைத் தொடர்கின்றது. பொதிக்கும் மனிதருக்கும் ஒரே கணக்கு முறை வகுக்கப்பட்டுள்ளது என்பதை இவ்விருவரையும் ஒரே வீட்டில் வைத்துக் காட்டியமையே படத்தின் முதன்மையான சிறப்பு.

ஏபி தன் பராமரிப்பிலுள்ளோரைத் தன் தாயைப் போலக் கவனிக்கவேண்டும் என்ற நெறியை உடையவள். அந்நெறிக்கும் அட்டவணைக்கும் இடையிலான மோதலே அவள் பகுதியின் உயிர்நாடி. மூதாட்டி ஒருத்தி தன் பழைய புகைப்படங்களைக் காட்டி, 1984ஆம் ஆண்டுச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது பலருக்கு உணவு சமைத்த நாட்களை நினைவு கூருகிறாள். ஏபி தன் குடும்பப் படங்களைக் காட்டுகிறாள். இருவரும் சில கணங்கள் பராமரிப்பவளும் பராமரிக்கப்படுபவளும் அல்லர், தோழியர். விடியற்காலை முதல் இரவு வரை நீளும் ஏபியின் வேலை நேரத்தைக் கேட்டறிந்த அம்மூதாட்டி, எட்டு மணித்தியால வேலைநாள் என்னவாயிற்று என வினவுகிறாள். தொழிலாளர் போராட்ட வரலாறு முழுவதும் அவ்வொரு வினாவில் அடங்கிவிடுகின்றது. பிறிதோரிடத்தில், துயருற்ற ஏபியின் கூந்தலை மூதாட்டி வாரிவிடுகிறாள். உதவி பெறுபவள் உதவி செய்பவளாகும் அக்கணம் எந்த அட்டவணையிலும் இடம்பெறாதது. எந்தக் கருவியும் பதியாதது. ஆயினும் பராமரிப்பு என்னும் சொல்லுக்கு முழுப்பொருள் கிடைப்பது அங்கேதான்.

இப்படத்தைத் தொழில்நுட்பத்துக்கு எதிரான படம் எனக் கொள்வது மேலோட்டமான கருத்தாகும். அதே தொலைபேசி வழியாகவே ஏபி தன் பிள்ளைகளுக்கு உணவு எங்கிருக்கிறது, எப்போது படுக்கவேண்டும் எனச் சொல்கிறாள். குடும்பம் அரிதாக ஒன்றுகூடி உண்ணும் இரவொன்றில் அதே தொலைபேசிக்கு அழைப்பு வருகின்றது. மூதாட்டி ஒருத்தி நனைந்த ஆடையுடன் உதவியின்றித் தவிக்கிறாள். குடும்பம் முழுவதும் றிக்கியின் வண்டியில் ஏறிச் செல்கின்றது; துன்பத்தினிடையே அவ்வண்டியில் மகிழ்ச்சி பிறக்கின்றது. அன்றிரவு தொலைபேசி ஊன்றுகோலாகிறது, வண்டியும் ஊன்றுகோலாகிறது. கருவி மாறவில்லை, அதனை யார், எதற்காகப் பயன்படுத்தினர் என்பதே மாறிற்று. லோச் சாடுவது பொறியை அன்று, பொறிக்குப் பின்னால் நின்று முகங்காட்டாத ஒப்பந்தத்தையே என்பது இக்காட்சியாற் புலனாகும்.

குறைகளும் இல்லாமலில்லை. இன்னல்மேல் இன்னலாக அடுக்கிச் செல்லும் கதைப்போக்கு, பிற்பகுதியிற் சில இடங்களில் வாழ்வின் இயல்பை விட வாதத்தின் தேவைக்கே பணிந்து விடுகின்றது. றிக்கியின் மேலாளன் உடலும் குரலும் பெற்று நிற்க, ஏபியை வேலைக்கு அமர்த்திய நிறுவனமோ தொலைபேசிக் குரலளவிலேயே நின்றுவிடுகின்றது. அக்குரலுக்குப் பின்னாலுள்ள உள்ளூராட்சி மன்றமும், அம்மன்றத்தின் நிதியைக் குறைத்த அரசும் திரையில் இடம்பெறவில்லை. ஆதலால் பார்வையாளர் சினமெல்லாம் அருகிலுள்ளோர்மீது பாய்கின்றது. ஏபியின் நாள் ஏன் அவ்வாறு துண்டாடப்பட்டது என்பதற்கு விடை காணப் படத்துக்கு வெளியே செல்ல வேண்டியுள்ளது.

அவ்விடை அங்கு வழக்கிலுள்ள இலத்திரனியல் வருகைக் கண்காணிப்பிற் கிடைக்கின்றது. ஊழியர் ஒருவர் வீட்டினுள் நுழைந்ததும் அவ்வீட்டுத் தொலைபேசியிலிருந்து ஓர் எண்ணுக்கு அழைப்பார். அல்லது அங்கு ஒட்டப்பட்ட வில்லையிற் கைத்தொலைபேசியைத் தொடுவிப்பார். வெளியேறும்போதும் அவ்வாறே செய்வார். வரவேண்டியவர் வந்தாரா என அறிய இது உதவும். எவரும் வராது முதியவர் ஒருவர் நாள் முழுவதும் பட்டினி கிடப்பதைத் தடுக்கவும் கூடும். அவ்வளவில் இது நற்கருவியே. ஆயின், அதே பதிவைக் கொண்டு நிமிடக் கணக்கிற் பணம் வழங்கத் தொடங்கிய மன்றங்களும் உண்டு. அங்குக் கருவியின் தொழில் மாறிவிடுகின்றது. முதியவர் இருந்தாரா என அறிய வந்தது, ஊழியர் எத்தனை நிமிடம் இருந்தார் என எண்ணுவதாகிறது. இங்கிலாந்தின் தேசிய வைத்திய நெறிமுறை நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டி, வீட்டுப் பராமரிப்பு வருகை அரைமணி நேரத்துக்குக் குறைவாக அமைவது சில வரையறுத்த சந்தர்ப்பங்களில் மட்டுமே தகும் எனக் கூறிற்று. அத்தகைய வழிகாட்டி ஒன்று தேவைப்பட்டமையே நடைமுறை எவ்வாறிருந்தது என்பதற்குச் சான்று. அளவுகோல் வருகையை அளந்தது, பரிவை அளக்கவில்லை, அளக்கவும் இயலாது.

இங்கிலாந்திற் கருவி ஊழியரைக் கண்காணிக்க வந்தது. யப்பானிலோ ஊழியரின் இடத்தையே நிரப்பக் கருதப்பட்டது. அந்நாட்டு மக்களுள் 65 வயதும் அதற்கு மேலும் உடையோர் 2023இல் 29 வீதத்தினர். 2000ஆம் ஆண்டிலேயே நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி அங்கு நடைமுறைக்கு வந்தது. 40 வயதுக்கு மேற்பட்டோர் அனைவரும் அதற்குப் பணம் செலுத்துவர். நிதிக்கு வழி காணப்பட்டது. ஆட்களுக்கோ பஞ்சம் நீடித்தது. அப்பஞ்சத்தைத் தீர்க்க றோபோக்களை ஆக்குவதென முடிவாகி, 2018 வரையில் 30 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகை ஆராய்ச்சிக்குச் செலவிடப்பட்டது. இம்முயற்சியின் பயனை நேரிற் சென்று ஆராய்ந்து, ‘றோபோக்கள் யப்பானைக் காப்பாற்றமாட்டா’ என்னும் பொருள்பட்ட தலைப்பினையுடைய ஆங்கில நூலை 2023இல் வெளியிட்டவர் மானிடவியலாளர் ஜேம்ஸ் றைற். கனகாவா மாகாணத்து முதியோர் இல்லம் ஒன்றில் மூன்று வகை றோபோக்கள் புகுத்தப்பட்டபோது நிகழ்ந்தவற்றை அவர் நாள்தோறும் உடனிருந்து கண்டு எழுதியுள்ளார்.

மூன்றனுள் முதலாவது ‘ஹக்’. முதியவரைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் அமர்த்துவது அதன் தொழில். பராமரிப்போர் முதுகுவலியால் வேலையை விட்டு நீங்குவது எங்கும் கண்ட துன்பம். அதனைத் தீர்ப்பது உயர்ந்த நோக்கமே. ஆயினும் ஒவ்வோர் அறைக்கும் அதனைத் தள்ளிச் செல்வதிலும் பொருத்துவதிலும் செலவான நேரம், கையால் தூக்குவதற்கு வேண்டிய நேரத்தை விஞ்சிற்று. முதியோருட் சிலர் அதனால் தூக்கப்படுவதை விரும்பவில்லை. சில நாட்களிலேயே ஊழியர் அதனைக் கைவிட்டனர். ஒருவரைத் தூக்குதல் பளுவை இடம் மாற்றுதல் மட்டுமன்று. அப்போது பேசும் பேச்சும் தொடும் கையும் அச்செயலின் பகுதிகள். பொறி பளுவை மட்டுமே கண்டது.

இரண்டாவது ‘பாரோ’. சீல் என்னும் கடல்விலங்கின் குட்டி வடிவில், வெண்மயிர் போர்த்து, தடவினால் அசைந்து ஒலியெழுப்புமாறு அமைந்தது. நினைவு மங்கிய முதியோருக்கு ஆறுதலளிக்கும் எனக் கருதி ஆக்கப்பட்டது. அந்த இல்லத்தில் மூதாட்டி ஒருவர், பாரோ பக்கத்தில் இல்லாவிடில் உண்ணவும் உறங்கவும் மறுக்கும் அளவுக்கு அதனோடு ஒன்றிப்போனார். மற்றொருவர் அதன் மயிர்ப் போர்வையை உரித்தெடுக்க மீண்டும் மீண்டும் முயன்றார். ஊழியருக்கு இருவரையும் கண்காணிக்கும் புதிய வேலை சேர்ந்தது. மூன்றாவது ‘பெப்பர்’ என்னும் மனித உருவ றோபோ. உடற்பயிற்சி நேரத்தில் முன்னின்று நடத்துவது அதற்கு இடப்பட்ட பணி. அதன் குரலையும் அசைவையும் முதியோர் பின்பற்ற இயலாமையால், ஊழியர் ஒருவர் அதன் அருகில் நின்று அதன் அசைவுகளைத் தாமும் செய்து காட்ட நேர்ந்தது. மனிதருக்குத் துணையாக வந்த பொறிக்கு மனிதர் துணை போனார் என்பது நகைப்புக்குரியதாகத் தோன்றினும், உண்மையிற் கவலைக்குரியது.

றைற் கண்ட முடிபு தெளிவானது. பொறிகளை நகர்த்தல், துடைத்தல், இயக்குதல், விளக்குதல், கண்காணித்தல், பின் எடுத்து வைத்தல் என வேலை குறைவதற்குப் பதிலாகக் கூடிற்று. 2019இல் 9,000க்கு மேற்பட்ட பராமரிப்பு நிலையங்களிடையே நடந்த தேசிய மதிப்பீடொன்றில் ஏறக்குறைய 10 வீதமானவையே ஏதேனுமொரு பராமரிப்பு றோபோவைப் புகுத்தியதாகக் கூறின என்பதையும் அவர் சுட்டுகிறார். உலகெங்கும் பரவிய கற்பனையை ஓர் இல்லத்தின் அன்றாட வாழ்வு கொண்டு உரைத்துப் பார்த்தமையே இந்நூலின் பெருமை. ஆய்வுக் கூடத்திற் பொறி ஆக்குவோர், பராமரிப்பைத் தனித்தனிச் செயல்களாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறி என எண்ணினர். இல்லத்திலோ அச்செயல்கள் பிரிவதில்லை. குளிப்பாட்டும்போதே உடலில் உள்ள புண் கண்ணிற் படுகின்றது. உணவூட்டும்போதே மனத்திலுள்ள கவலை செவியில் விழுகின்றது.

ஆயினும் நூலின் எல்லையையும் உணர்தல் வேண்டும். ஓரில்லத்தின் அனுபவம் ஆழமுடையது, அகலமுடையதன்று. கண்ணைக் கவரும் மூன்று றோபோக்களிலே கவனம் நிலைத்தமையால், கட்டிலின் கீழ் வைக்கப்படும் உணர்கருவி, ஊழியரிடையே செய்தி பரிமாறும் பதிவேடு போன்ற அடக்கமான கருவிகள் பின்தள்ளப்படுகின்றன. தோல்வியுற்றது றோபோவா, அன்றி அதனைப் பயன்படுத்துவோரைக் கலவாது ஆக்கிய முறையா என்ற வினாவும் எழும். ஊழியரையும் முதியோரையும் தொடக்கத்திலிருந்தே கேட்டு ஆக்கப்பட்ட பொறியொன்று வேறு முடிபைத் தந்திருக்கலாம். நூலின் சான்றுகள் இரண்டாவது விளக்கத்துக்கே வலுவூட்டுகின்றன. தலைப்போ முதலாவதை முழங்குகின்றது.

இந்நூலில் இலங்கை வாசகர் கருத்தூன்றவேண்டிய ஒரு பகுதி உண்டு. பொறிகள் பரவினால், பராமரிப்புத் தொழில் திறன் குறைந்த வேலையாக மாறி, மொழியும் பழக்கமும் அறியாத வெளிநாட்டு ஊழியரைக் குறைந்த கூலிக்கு அமர்த்த வழியாகும் என்னும் ஐயத்தை றைற் எழுப்புகிறார். 2019 யூனில் இலங்கையும் யப்பானும் திறன்சார் ஊழியர் தொடர்பான ஒத்துழைப்புக் குறிப்பாணை ஒன்றிற் கையொப்பமிட்டன. முதியோர் பராமரிப்பு அத்திட்டத்தின் துறைகளுள் ஒன்று. ஆகவே யப்பானிய முதியோர் இல்லத்திற் கருவிக்கும் மனிதருக்கும் எத்தகைய உறவு அமையும் என்பது தொலைநாட்டுச் செய்தியன்று. இங்கிருந்து மொழி பயின்று செல்லும் இளைஞரும் யுவதியரும் அங்குப் பரிவு காட்டும் மனிதராக மதிக்கப்படுவரா, பொறியின் அசைவைத் திரும்பச் செய்து காட்டுவோராக நிற்பரா என்பது அதில் அடங்கியுள்ளது.

இரு படைப்புகளும் தொடாத மூன்றாவது நிலை ஒன்றுண்டு. கோல் தாங்குவதும் அன்றி, அளப்பதும் அன்றி, ஆளத் தொடங்கும் நிலை அது. ஐக்கிய அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் அது நிகழ்ந்தது. வறுமையும் உடற்குறையும் உடையோருக்கு வாரத்தில் எத்தனை மணித்தியாலப் பராமரிப்பு வழங்குவது என்பதை முன்னர் தாதியர் நேரிற் கண்டு தீர்மானித்தனர். 2016இல் அத்தீர்மானம் கணினி விதிமுறை ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. இருநூற்றுக்கு மேற்பட்ட வினாக்களின் விடைகள் கணினியிற் புகுந்தன, மணித்தியாலங்கள் வெளிவந்தன. மூளைவாதத்தால் கை கால் வழங்காத பெண்மணி ஒருவருக்கு வாரத்துக்கு 56 மணித்தியாலமாக இருந்த உதவி 32 ஆகக் குறைந்தது. அவர் நோய் குறையவில்லை. ஏன் குறைத்தீர் எனக் கேட்டபோது, கணினி அவ்வாறு கூறுகின்றது என்பதன்றி விடையில்லை. காலை இழந்த ஒருவருக்குக் காலிற் கோளாறு எதுவுமில்லை எனப் பதியப்பட்ட விந்தையும் அங்கு நிகழ்ந்தது. இல்லாத காலிற் கோளாறும் இல்லை என்பது கணக்கின் தருக்கம் போலும்! சட்ட உதவி வழக்கறிஞர் வழக்குத் தொடுத்தபோது, நீரிழிவையும் மூளைவாதத்தையும் கணினி நிரல் தவறாகக் கையாண்டமை வெளிவந்தது. மக்களுக்கு முறையாக அறிவியாது விதியை மாற்றியமை சட்டத்துக்கு முரணானது எனக் கொண்டு, 2018இல் நீதிமன்றம் அம்முறையைத் தடுத்தது. கணினி பிழைத்தது என்பதைவிட, பிழையைக் கண்டுபிடிக்க வழக்கு மன்றம் வரை செல்ல நேர்ந்தது என்பதே இங்குப் பாடம்.

இவ்வளவும் கூறியபின் கருவிகளே வேண்டா எனும் முடிபுக்கு வருதல் நேர்மையாகாது. தனித்து வாழும் முதியவர் கழுத்தில் அணியும் சிறு பொத்தானை அழுத்தினால், தொலைபேசி வழியே உதவி நிலையத்துக்கு அழைப்புச் செல்லும் ஏற்பாடு பிரித்தானியாவில் ஏறக்குறைய 18 இலட்சம் பேருக்குத் துணையாய் உள்ளது. குளியலறையில் வழுக்கி விழுந்தவர் விடியும் வரை தரையிற் கிடக்க நேராமல் அது காக்கின்றது. அது மெய்யான ஊன்றுகோல். அழுத்துவதும் அழுத்தாதிருப்பதும் அவர் விருப்பம்; மறுமுனையில் விடையளிப்பது மனிதக் குரல். ஆயினும் அதற்கும் இடர் வந்தது. பழைய செப்புக் கம்பித் தொலைபேசி தனக்கு வேண்டிய மின்னோட்டத்தைத் தானே கொணர்வது. புதிய இலக்கமுறை இணைப்போ வீட்டு மின்சாரத்தை நம்புவது. மின்சாரம் நின்றால், மாற்று மின்கலம் இல்லாவிடில், பொத்தானும் பயனற்றுப்போம். இம்மாற்றத்தின்போது கடுமையான அசம்பாவிதங்கள் நேர்ந்தமையால், 2023 டிசெம்பரில் விருப்பமில்லாதோரைக் கட்டாயமாக மாற்றுவது நிறுத்தப்பட்டது. 2025 முடிவில் நிறைவேறவிருந்த மாற்றம் 2027 சனவரி 31 வரை ஒத்திவைக்கப்பட்டது. நல்ல கோலும் ஊன்றும் நிலம் மாறும்போது வழுக்கும் என்பதற்கு இது சான்று.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து, பராமரிப்பில் ஒரு கருவியின் தகுதியை அளக்க மூன்று வினாக்கள் போதியன எனத் தோன்றுகின்றது. முதலாவது, கருவி மிச்சப்படுத்திய நேரம் யாரிடம் சேர்கின்றது என்பது. அந்நேரம் முதியவரின் கட்டிலருகே திரும்பி வருமாயின் கருவி தன் வாக்குறுதியைக் காத்தது. அடுத்த வீட்டின் வருகையாகவோ நிறுவனத்தின் இலாபமாகவோ மாறுமாயின் காக்கவில்லை. ஏபியின் கதை இதனை விளக்கும். இரண்டாவது, பயன்படுத்துவோர் அக்கருவியைக் கீழே வைக்க உரிமையுடையரா என்பது. யப்பானிய இல்லத்து ஊழியர் ஹக்கைச் சில நாட்களிற் கைவிட முடிந்தது. ஏபியால் தன் தொலைபேசியைக் கைவிட முடியவில்லை. கருவியின் நுட்பத்தில் ஹக்கே மேம்பட்டது. ஆயினும் எளிய தொலைபேசியே கொடியதாயிற்று. தீமை நுட்பத்தில் இல்லை, மறுக்கும் உரிமை இன்மையிலேயே உள்ளது என்பது இவ்வொப்பீட்டால் விளங்கும். மூன்றாவது, கருவி பிழைத்தால் விடை கூறுவோர் யார் என்பது. ஆர்கன்சா மாநிலத்தில் அவ்விடையைப் பெற நீதிமன்றம் வேண்டியதாயிற்று.

இம்மூன்று வினாக்களுள் ஒன்றேனும் பொறியியலைச் சார்ந்ததன்று. மூன்றும் அறத்தைச் சார்ந்தவை. பதிவேடு எவ்வளவு விரைவாகத் திறக்கின்றது, உணர்கருவி எவ்வளவு நுண்மையாக அறிகின்றது என்பன பொறியியலாளர் விடை தரக்கூடியவை. மிச்சமான பத்து நிமிடத்தை யாருக்கு அளிப்பது என்பதைப் பொறியியலாளர் தீர்மானிக்க இயலாது. அதனைத் தீர்மானிப்பது பணம் வழங்கும் மன்றமும், ஒப்பந்தம் எழுதும் நிறுவனமும், வரி செலுத்தி வாக்களிக்கும் குடிமக்களுமே. இவர்கள் தத்தம் பொறுப்பைக் கருவியின்மீது சுமத்தி ஒதுங்கும்போதுதான் ஊன்றுகோல் அளவுகோலாகவும், அளவுகோல் கொடுங்கோலாகவும் திரிகின்றது.

கலைப்படைப்பு ஆய்வு நூலின் தொழிலைச் செய்யாது. ஆய்வு நூலும் கலைப்படைப்பின் தொழிலைச் செய்யாது. லோச்சின் படம் ஒரு குடும்பத்தின் மூச்சிறைப்பைச் செவியிற் கேட்கச் செய்கின்றது. அம்மூச்சிறைப்பின் காரணங்களை முழுவதும் விரித்துரைக்கவில்லை. றைற்றின் நூல் காரணங்களை நிரல்படுத்துகின்றது. முதியவர் ஒருவரின் தனிமையை நெஞ்சிற் பதியவைப்பதற்குப் படத்தின் துணை வேண்டும். ஒன்றையொன்று நிறைவு செய்யும் இவ்விரண்டையும் ஒருசேரக் கற்பது நாளைய கணினித் துறையினருக்கும் வைத்தியருக்கும் நிருவாகிகளுக்கும் ஒருங்கே பயன் தரும். கல்லூரிகளில் இன்று பயில்வோருட் பலர் இத்தகைய கருவிகளை ஆக்குவோராகவும், சிலர் அவற்றை ஏந்திப் பிறர் வீட்டு வாயிலில் நிற்போராகவும், காலம் செல்ல அனைவரும் அவற்றால் தாங்கப்படுவோராகவும் ஆவர். பழம்புலவரின் கோல் அவர் கைக்கு அடங்கியிருந்தது. ஆகலின் அது அவருக்குப் பெயரும் ஆயிற்று. இன்றைய கோல்களும் அவற்றை ஊன்றுவோர் கைக்கு அடங்கியிருத்தல் வேண்டும் என்பதே இவ்விரு படைப்புகளும் வெவ்வேறு வழியில் உணர்த்தும் உண்மையாகும்.